துணைக்கால்

மணவாளக்குறிச்சியில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு.
தனி அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
ஓடாத மின்விசிறி.
அவன் சொல்வான், நான் எழுதுவேன்.
சொன்னதை மட்டும் எழுதுவேன், திருத்த மாட்டேன்,
முகத்திலும் விடை காட்ட மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

சகாய ரெனிஷ். கடியபட்டணம்.
நுழைவுச்சீட்டில் பெயருக்குக் கீழே
கற்றலில் குறைபாடு என்றொரு நீல முத்திரை.
மை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவன்போல் தடவிவிட்டுச்
சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.

வினாவை நான் வாசித்து முடிக்குமுன்
விடை வந்துவிடும்.
பிறகு எனக்காகப் படி இறங்குவான்,
மூச்சு வாங்கும் ஒருத்தியோடு நடப்பவன் மாதிரி,
ஒவ்வொரு படியாக.
"மெதுவா எழுதுங்க டீச்சர். நேரம் கெடக்கு."
அவனுக்கென்று அரசு தந்த கூடுதல் ஒரு மணி நேரம்
முழுக்க எனக்குத்தான் செலவானது.

ஐந்து மதிப்பெண் வினா.
இருநூறு மீட்டர் கலங்கரை விளக்கம்,
எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கப்பல்,
முப்பது பாகை, நாற்பத்தைந்து பாகை.
ஐந்நூற்று நாற்பத்தாறு புள்ளி நான்கு என்றான்.
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
"எங்க ஊரு லைட் ஹவுசுக்கு ரெண்டு பக்கமும் கப்பல் நிக்கணும்னா
ஒண்ணு எங்க வீட்டு மேலதான் நிக்கணும்.
பொறவு, அது பாறை மேலல்லா இருக்கு.
பாறை எங்க டீச்சர்? கணக்குல பாறையே இல்ல."

அதையும் எழுதட்டுமா என்றேன்.
"வேண்டாம். மார்க்கு போயிரும்."

என் பேனா நின்றது.

இரண்டு வருடம் முன்பு, நாகர்கோவிலில்,
சனிக்கிழமைச் சிறப்புத்திறன் வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில்
நானும் ஒருத்தி.
டீயும் பழபஜ்ஜியும் வந்த நேரம்.
ஒரு தாளில் விடை மட்டும் இருந்தது, வழிமுறை இல்லை.
மூன்று எல்லாம் முதுகு காட்டி நின்றன.
கடைசியில் ஒரு வரி:
'பறை எஙக'

பறையா? கணக்கில் எதற்குப் பறை?
பக்கத்து மேசைக்குக் காட்டினேன். சிரித்தோம்.
பூச்சியம் போட்டு, அதைச் சுற்றி இன்னொரு வட்டமும் போட்டேன்.

ஒரு துணைக்கால் விழுந்து
பாறை பறையாகியிருந்தது.
தட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பெயர் மறைத்த தாள்கள் அவை.
இவன்தான் என்று எப்படிச் சொல்வேன்?
கடற்கரையில் வளர்கிற எந்தப் பிள்ளைக்கும் பாறை தெரியும்.
அந்தத் தேர்வுக்குச் சொல்வதை எழுத ஆள் கிடையாது.
கெட்டிக்காரனுக்கு ஆள் எதுக்கு,
ஆள் வேணும்னா அவன் என்ன கெட்டிக்காரன்
என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.
நியாயம்தான் என்று தலையாட்டினோம்.
என் தலையும் ஆடியது.

மணி அடித்த பிறகு, வராந்தாவில் கேட்டேன்:
பள்ளிக்கூடத்தில் தனியாக ஏதும் வகுப்பு உண்டா?
"உண்டு. மாடியில கெட்டிக்காரங்களுக்கு.
கீழ எங்களுக்கு.
பந்து, பழம்னு படம் ஒட்டச் சொன்னாங்க."
என்ன செய்தாய்?
"ஒட்டுனேன்."

விடைத்தாளை நூல் கோத்துக் கட்டியபோது பார்த்தேன்,
முத்து முத்தாக என் கையெழுத்து.
எங்கோ ஒரு மேசையில்
டீயை ஓரமாக நகர்த்திவிட்டு
நல்ல பிள்ளை என்று யாரோ சொல்லக்கூடும்.

சாலையில் மணல் லாரிகள்.
நிறுத்தத்தில் நின்று
கண்ணைச் சுருக்கி, தூரத்துப் பேருந்தின் பலகையை
நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.
என்ஜின் சத்தம் கேட்டதும்
"எனக்க வண்டி டீச்சர்" என்று
ஓடத் தொடங்கியிருந்தான்.